ஊசி எதைத் தொடுகிறது? சீன அக்குபங்சர் வைத்தியம் பற்றி ஒரு விளக்கம்

சென்ற வருடம் உம்மாவின் முழங்கால் நோவு எல்லை கடந்து போயிற்று. நிலத்தில் இருந்து எழும்ப ஏலாமல் கதிரையில் இருந்தே தொழத் தொடங்கினா. எக்ஸ்ரே பார்த்த டொக்டர் "தேய்மானம்தான், வயசு போனா வரும்" என்றார். அவர் தந்த குளிசை வயிற்றைப் புரட்டியது. கடைசியில் ராத்தா எங்கோ விசாரித்து, அடுத்த ஊரில் அக்குபங்சர் செய்யும் ஒருவரிடம் உம்மாவைக் கூட்டிப் போனா.

முதல் நாள் திரும்பி வந்தபோது "குத்தினது நோகல்லியா?" என்று கேட்டேன். "குத்தக்குள்ள எறும்பு கடிச்ச மாதிரிதான். பொறகுதான் மகன், காலெல்லாம் பாரமா, விறைச்ச மாதிரி, உள்ளுக்க என்னவோ ஊர்ந்து போற மாதிரி இருந்திச்சி" என்றா. ஐந்தாறு தடவை போய்வந்ததும் நோவு குறைந்தது. சுவரைப் பிடிக்காமல் படியேறினா. எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் நாங்கள் அறியாத ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. கைநாடியைப் பிடித்துப் பார்த்த அந்த வைத்தியர், "உங்களுக்குச் சிறுநீரகம் பலவீனம்" என்று சொல்லியிருக்கிறார். பதினைந்து வருடமாகச் சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கும் ஒருவருடைய காதில் அந்தச் சொல் எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "இவ்வளவு இங்கிலிஷ் மருந்தும் போட்டா கிட்னி தாங்குமா?" என்றும் அவர் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து உம்மா எங்களிடம் சொல்லாமலே சீனிக் குளிசையை நிறுத்திவிட்டா. மூன்று கிழமை கழித்து, தலைசுற்றி விழப்போன அன்றுதான் விஷயம் வெளியில் வந்தது. இரத்தம் சோதித்தபோது சீனி 318. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினோ ஒரு குறையுமில்லாமல் இருந்தது.

நோவு குறைந்தது உண்மை. சிறுநீரகம் நன்றாக இருந்ததும் உண்மை. அப்படியென்றால் அந்த வைத்தியர் பொய் சொன்னாரா? இந்தக் கேள்விதான் என்னைச் சீன வைத்திய நூல்களின் பக்கம் தள்ளிவிட்டது. தேடிப் பார்த்தபோது தெரிந்தது, அவர் பொய் சொல்லவில்லை. அதைவிட ஆபத்தான ஒரு காரியத்தைச் செய்திருந்தார். அதை விளங்கிக்கொள்ள வேண்டுமென்றால் முதலில் அக்குபங்சர் தன்னைப் பற்றித் தானே என்ன சொல்லிக்கொள்கிறது என்று பார்க்கவேண்டும்.

நம் பேச்சில் ஊசி போடுவதென்றால் மருந்து ஏற்றுவது. இந்த ஊசியில் மருந்து இல்லை. மருந்து போகத் துவாரமும் இல்லை. தலைமயிரைவிடச் சற்றுத் தடித்த கம்பி, அவ்வளவுதான். அக்குபங்சர் என்ற பெயர் லத்தீன் சொற்களைக் கொண்டு ஐரோப்பியர் கட்டியது. சீனர் இதைச் 'சென் ஜியூ' என்கிறார்கள். 'சென்' ஊசி, 'ஜியூ' சுடுதல். மாசிபத்திரி இனத்துச் செடியின் காய்ந்த இலையைப் பஞ்சுபோல் இடித்து, உடம்பின் குறித்த இடத்தில் அல்லது அதற்குக் கிட்ட எரித்துச் சூடு கொடுப்பது. இரண்டும் இரட்டைப்பிள்ளைகள். இன்னும் சொல்லப்போனால் சூடுதான் மூத்தது போலத் தெரிகிறது. 1973இல் மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட ஒரு கல்லறையிலிருந்து பட்டுத்துணியில் எழுதிய வைத்திய நூல்கள் கிடைத்தன. அவற்றில் உடலில் ஓடும் பதினொரு பாதைகள் வருணிக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கான சிகிச்சை சூடுதான்; ஊசியும் இல்லை, புள்ளிகளின் பெயர்களும் இல்லை. 'ஐயாயிரம் வருடப் பழமை' என்று விளம்பரப் பலகைகளில் எழுதுகிறவர்கள் இதைக் கவனித்தால் நல்லது.

ஊசி வைத்தியத்தின் மூலநூல் 'மஞ்சள் பேரரசரின் உள்நூல்' எனப்படும் ஹுவாங்தி நெய்ஜிங். அதன் இரண்டாம் பாகமான லிங்ஷு பெரும்பாலும் ஊசியைப் பற்றியதே. அதில் பாதைகள் பன்னிரண்டு ஆகிவிட்டன. ஓரிடத்தில் அந்தப் பன்னிரண்டையும் சீன மண்ணின் பன்னிரண்டு நீர்களோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். நுரையீரலின் பாதை மஞ்சள் ஆறு. பெருங்குடலின் பாதை யாங்சி. கை, கால் விரல் நுனியிலிருந்து முழங்கை, முழங்கால் வரை உள்ள முக்கியமான புள்ளிகளுக்குக் கிணறு, ஊற்று, ஓடை, ஆறு, கடல் என்று வரிசையாகப் பெயர். நுனியில் கிணறாகச் சுரப்பது மூட்டுக்கு வரும்போது கடலில் கலக்கிறது.

குளமும் வாய்க்காலும் உள்ள ஊரில் பிறந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. இந்த வைத்தியம் உடம்பை ஓர் இயந்திரமாகப் பார்க்கவில்லை, நீர் பாயும் நிலமாகப் பார்க்கிறது. வாய்க்கால் அடைத்தால் ஒரு பக்கம் நீர் தேங்கி வான் பாயும், மறுபக்கம் வயல் வெடிக்கும். நோவு என்பது அடைப்பு. பலவீனம் என்பது வரட்சி. ஊசி குத்துகிறவர் வட்டவிதானை மாதிரி. எந்த மதகைத் திறப்பது, எதை மூடுவது என்பதுதான் அவருடைய வேலை. தண்ணீரை அவர் கொண்டுவருவதில்லை.

அந்த வாய்க்காலில் ஓடுவதன் பெயர் 'சி'. இதைச் 'சக்தி' என்று மொழிபெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. அதனால் கேட்கிறவருக்கு மின்சாரம் போன்ற ஏதோ ஒன்று ஞாபகம் வருகிறது. பழைய சீனத்தில் அந்தச் சொல் ஆவி, மூச்சு, புகை, பனிமூட்டம் எல்லாவற்றையும் குறித்தது. பாதைகளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஜிங்', அதாவது நெசவில் பாவு நூல். அதற்கு 'மெரிடியன்' என்ற பூகோளப் பாடச் சொல்லைப் போட்டவர், சீனாவில் ராஜதந்திரியாக இருந்த ஜோர்ஜ் சூலியே த மொரான் என்ற பிரெஞ்சுக்காரர். 'மெரிடியன்', 'எனர்ஜி' இரண்டும் நாம் சீனத்திலிருந்து நேரே வாங்கியவை அல்ல, பாரிஸ் வழியாக வந்த சரக்கு. வெட்டிப் பார்த்தால் மெரிடியன் தெரியவில்லையே என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், தெரியாது. பிரேத பரிசோதனை செய்த எந்த வைத்தியரும் அப்படியொரு குழாயைக் கண்டதில்லை. இரத்த நாளம், தசைநார், நோவு பரவும் வழி, நாடித் துடிப்பு எல்லாவற்றையும் சேர்த்து நெய்து வைத்த படம் அது.

இப்போது உம்மாவின் சிறுநீரகத்துக்கு வருகிறேன்.

சீன வைத்தியத்தில் 'ஷென்' என்றொரு சொல் உண்டு. சிறுநீரகம் என்றுதான் மொழிபெயர்க்கிறார்கள். ஆனால் அந்த நூல்களில் ஷென் செய்கிற வேலையைப் பாருங்கள். எலும்பு அதன் பொறுப்பு. இடுப்பும் முழங்காலும் அதன் வீடு. காதின் கேள்வி, தலைமயிரின் கருமை, பிள்ளைப்பேறு, பயம் என்ற உணர்ச்சி எல்லாம் அதன் கணக்கில். பிறக்கும்போது கொண்டுவந்த சாரம் அங்கேதான் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. வயது போகப் போகக் குறைகிறது. பெண்ணுக்கு ஏழேழு வருடமாகக் கணக்குப் போட்டு, 49இல் மாதவிடாய் நிற்பதையும் அதன் தளர்ச்சியாகவே நெய்ஜிங் சொல்கிறது. ஆக, எழுபது வயதான, முழங்கால் நோகிற, காது சற்று மந்தமான ஒரு பெண் எந்தச் சீன வைத்தியரிடம் போனாலும் 'ஷென் பலவீனம்' என்ற முடிவு வருவது அநேகமாக நிச்சயம். அந்த மொழியில் அதற்கு அர்த்தம், 'நீங்கள் வயதாளி, எலும்பு தளர்ந்திருக்கிறது' என்பதுதான். எக்ஸ்ரே பார்த்த டொக்டர் சொன்னதும் அதேதான்!

ஈரலும் அப்படியே. சீன வைத்தியத்தின் ஈரல் கோபத்துக்கும் கண்ணுக்கும் நரம்பிழைகளுக்கும் பொறுப்பு. 'சி' தடையின்றி ஓடுவதைப் பார்த்துக்கொள்வதும் அதுதான். மண்ணீரலின் தலையில் சமிபாட்டைக் கட்டிவைத்திருக்கிறார்கள். இவை அறுவைச் சிகிச்சை மேசையில் கிடக்கும் உறுப்புகள் அல்ல. ஒரே பெயர் கொண்ட வேறு ஆட்கள். ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் 'கடைக்கார', 'மாஸ்டர்' என்று முன்னால் ஒட்டிச் சொல்கிறோமே, அந்த ஒட்டு இங்கே இல்லாமல் போய்விட்டது. அந்த வைத்தியர் சீனப் படத்தில் பார்த்த சிறுநீரகத்தை, ஆஸ்பத்திரிப் படத்தில் உள்ள சிறுநீரகத்தின் மேல் வைத்துவிட்டார். அதன் மேல் நின்று குளிசையைப் பற்றிப் பேசினார். ஒரு தேசத்தின் வரைபடத்தை வைத்துக்கொண்டு இன்னொரு தேசத்தில் வழி சொன்ன கதை. அவருக்கே இந்த வித்தியாசம் தெரியாமலும் இருந்திருக்கலாம். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

நாடி பார்ப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று மூன்று விரல் வைத்து, அழுத்தியும் மெதுவாகவும் பார்க்கிறார்கள். இடது கையில் இதயம், ஈரல், சிறுநீரகம்; வலது கையில் நுரையீரல், மண்ணீரல், மறுபடி சிறுநீரகத்தின் இன்னொரு பக்கம். மிதக்கும் நாடி, அமிழ்ந்த நாடி, வழுக்கும் நாடி, வீணைத்தந்தி போல் விறைத்த நாடி என்று 28 வகை சொல்வது வழக்கம். நாக்கின் நிறத்தையும் படிவையும் பார்க்கிறார்கள். தூக்கம், தாகம், மலசலம் எல்லாம் விசாரிக்கிறார்கள். யூனானி வைத்தியரிடம் போய்ப் பழகியவர்களுக்கு இது அந்நியமாக இராது.

உண்மையில் இந்த இரண்டு உலகமும் ஒரு தடவை சந்தித்திருக்கின்றன. மங்கோலிய இல்கான்கள் பாரசீகத்தை ஆண்ட காலத்தில், வைத்தியராயிருந்து வஸீரான ரஷீதுத்தீன் என்ற அறிஞர், தப்ரீஸ் நகரில் சீன வைத்திய நூல்களைப் பாரசீக மொழிக்குப் பெயர்ப்பித்தார். 1313 அளவில் உருவான அந்நூலின் பெயர் 'தன்ஸூக்நாமா'. சீன நாடிச் செய்யுள்களும், உறுப்புகளின் படங்களும் அதில் உள்ளன. எஞ்சிய கையெழுத்துப் பிரதி இஸ்தான்புல்லில் இருக்கிறது. ஐரோப்பியர் இந்த ஊசியைப் பற்றிக் கேள்விப்படுவதற்கு முன்னூறு வருடம் முந்திய முயற்சி இது. இதைப் பற்றித் தமிழில் யாராவது தனியாக எழுதவேண்டும்.

சரி, ஊசி எங்கே குத்துகிறார்கள்? பன்னிரண்டு பாதைகளோடு உடலின் முன்நடுவிலும் பின்நடுவிலும் ஓடும் இரண்டைச் சேர்த்துப் பதினான்கு. அவற்றில் உலக சுகாதார ஸ்தாபனம் 1991இல் ஒழுங்குபடுத்தி வெளியிட்ட பட்டியலின்படி 361 புள்ளிகள். அளவுகோல் அவரவர் உடம்பேதான். நோயாளியின் பெருவிரல் அகலம் ஒரு 'சுன்', நான்கு விரல் சேர்ந்தால் மூன்று 'சுன்'. குழந்தைக்குக் குழந்தையின் விரல், தடித்த ஆளுக்குத் தடித்த விரல். முழங்கால் நோவுக்கு அடிக்கடி பாவிக்கும் 'சூசான்லி' என்ற புள்ளியைக் கண்டுபிடிக்க, முழங்காற் சிரட்டைக்குக் கீழே வெளிப்பக்கமாக நான்கு விரல் இறங்கி, முன்னெலும்பிலிருந்து ஒரு விரல் தள்ளி அழுத்திப் பாருங்கள். ஒரு பள்ளமும் மெல்லிய நோவும் தெரியும். சோங் ஆட்சிக்காலத்தில், 1027 அளவில், வாங் வெய்யி என்பவர் ஆள் அளவில் இரண்டு வெண்கலச் சிலைகள் வார்த்து, புள்ளிக்குப் புள்ளி துளையிட்டு வைத்தார். சிலைக்கு மெழுகு பூசி உள்ளே நீர் ஊற்றி மாணவரைச் சோதிப்பார்களாம். சரியாகக் குத்தினால் நீர் கசியும்.

ஒரே வருத்தத்துக்கு எல்லோருக்கும் ஒரே புள்ளி என்பதும் கிடையாது. தலையிடி நெற்றியில் என்றால் வயிற்றின் பாதை, பொட்டுப் பக்கம் என்றால் பித்தப்பையின் பாதை, பிடரியில் என்றால் சிறுநீர்ப்பையின் பாதை, உச்சியில் என்றால் ஈரல். அதனால்தான் தலைக்கு நோவென்று போனவருக்குக் காலில் குத்துகிறார்கள். வாய்க்காலின் கடைக்கோடியில் நீர் வராவிட்டால் மதகுக்குத்தானே போகவேண்டும்?

குத்திய பிறகு ஊசியைச் சுழற்றி, ஏற்றி இறக்கி, ஒரு விஷயத்துக்காகக் காத்திருக்கிறார்கள். அதன் பெயர் 'தே சி', அதாவது 'சி' வந்து சேர்தல். நோயாளிக்குப் பாரம், மரப்பு, உளைச்சல், உப்பிய உணர்வு. சிலருக்குக் கோடாக ஊர்ந்து போவது போலவும் இருக்கும். குத்துகிறவருக்கு, தூண்டிலில் மீன் கடித்தது போல ஊசியைத் தசை பற்றுவது விரலில் தெரியும். உம்மா யாரும் சொல்லிக்கொடுக்காமலே சொன்ன அந்த வார்த்தைகளைப் பிறகு நூலில் கண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இரண்டாயிரம் வருடமாக மனிதருடைய கால் ஒரே மாதிரித்தான் பேசியிருக்கிறது.

இந்தக் கலைக்குச் சொந்த நாட்டிலேயே எப்போதும் மரியாதை இருந்தது என்று எண்ணவேண்டாம். 1822இல் தாவோகுவாங் பேரரசர், அரச உடலுக்கு ஊசியும் நெருப்பும் தகாது என்று அரண்மனை வைத்தியக் கழகத்திலிருந்து அதை நீக்கினார். 1929இல் சீன வைத்தியம் முழுவதையுமே ஒழிக்க அரசாங்கத்தில் பிரேரணை வந்தது. செங் தான்ஆன் போன்றவர்கள்தான் உடற்கூற்று நூலைப் பார்த்து, இரத்த நாளங்களில் படாதபடி புள்ளிகளைச் சீர்செய்து, மெல்லிய ஊசியை நிலைப்படுத்தினார்கள். நெய்ஜிங் சொல்லும் ஒன்பது வகை ஊசிகளில் சீழ் கீறும் கத்தி போன்றதும் உண்டு, இரத்தம் எடுப்பதும் உண்டு. இன்று கிளினிக்கில் காணும் முறை, பழைய வேரில் இருபதாம் நூற்றாண்டில் கிளைத்தது.

வெளியுலகம் விழித்துக்கொண்டது 1971இல். நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்ரனுக்குப் பீக்கிங்கில் குடல்வால் சத்திரசிகிச்சை நடந்தது. ஊசி குத்தித்தான் மயக்கினார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள், பிழை. சத்திரசிகிச்சை வழமையான விறைப்பு மருந்தோடுதான் நடந்தது. மறுநாள் வயிறு ஊதி அவதிப்பட்டபோதே வலது முழங்கையிலும் இரண்டு முழங்காலுக்குக் கீழும் மூன்று ஊசி குத்தினார்கள். அவர் எழுதிய கட்டுரையோடு அமெரிக்கா சீனாவை நோக்கி ஓடியது. இலங்கையில் இதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் களுபோவில ஆஸ்பத்திரியில் அக்குபங்சர் சிகிச்சை நடத்திய டொக்டர் அன்ரன் ஜயசூரிய.

ஆய்வுகூடத்தில் என்ன கண்டார்கள்? பீக்கிங்கில் ஹான் ஜிஷெங்கின் குழு எழுபதுகளில் ஒரு முயலுக்கு அக்குபங்சர் செய்து, அதன் மூளைத்தண்டுவட நீரை இன்னொரு முயலுக்கு ஏற்றியது. குத்தப்படாத முயலுக்கும் நோவு தாங்கும் சக்தி கூடியது. ஆகவே ஊசி ஏதோ இரசாயனத்தைச் சுரக்கச் செய்கிறது என்று தெரிந்தது. உடம்பு தானே செய்யும் அபின் போன்ற எண்டோர்பின் வகைகள் அவை. அபினைத் தடுக்கும் நலோக்ஸோன் மருந்தைக் கொடுத்தால் ஊசி தந்த சுகமும் குறைவதை 1977இல் பல்நோவுப் பரிசோதனையில் காட்டினார்கள். 2010இல் அமெரிக்காவின் ரொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் எலிகளின் சூசான்லிப் புள்ளியில் குத்திச் சுழற்றியபோது, அந்த இடத்தில் அடினோசின் என்ற நோவாற்றும் பொருள் பல மடங்கு பெருகியது. ஊசியைச் சுழற்றும்போது தோலுக்குக் கீழுள்ள இழையங்கள், முள்ளுக்கரண்டியில் நூடில்ஸ் சுற்றுவது போல் ஊசியில் சுற்றிக்கொள்வதையும் வேறு ஆய்வாளர்கள் நுணுக்குக்காட்டியில் கண்டார்கள். மீன் கடிக்கும் அந்த உணர்வுக்கு ஒரு விளக்கம் இதுவாக இருக்கலாம்.

இவ்வளவும் ஊசிக்குச் சாதகம். ஆனால் புள்ளிக்கு? ஜெர்மனியில் முழங்கால் தேய்மானமுள்ள 1,007 பேரை மூன்றாகப் பிரித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்குச் சீன முறைப்படி சரியான புள்ளியில். இன்னொரு பிரிவுக்குப் புள்ளி அல்லாத இடத்தில் மேலோட்டமாக. மூன்றாவது பிரிவுக்கு ஊசியே இல்லை, டொக்டரும் மருந்தும். 26 கிழமைக்குப் பிறகு நன்றாகச் சுகம் கண்டவர்கள் முறையே 53, 51, 29 வீதம். இதை நான் இரண்டு மூன்று தடவை வாசித்தேன். ஊசி குத்தியவர்களுக்குக் குத்தாதவர்களைவிட வெகுவாகச் சுகம். ஆனால் எங்கே குத்தினார்கள் என்பது பெரிதாகக் கணக்கில் இல்லை! ஊசியின் தாக்கமா, ஒருவர் அருகிலிருந்து கவனமாகத் தொட்டுப் பார்த்ததன் தாக்கமா, எதிர்பார்ப்பா என்று இன்னும் வாதம் நடக்கிறது. இங்கிலாந்தின் நைஸ் என்ற வழிகாட்டும் சபை 2021இல் காரணம் புலப்படாத நாட்பட்ட நோவுக்கு அக்குபங்சரைக் கவனிக்கலாம் என்றது. 2022இல் மூட்டுத் தேய்மானத்துக்குக் கொடுக்கவேண்டாம் என்றது. சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் ஓங்காளத்துக்கு மணிக்கட்டின் உட்புறப் புள்ளி உதவுவதற்கு ஓரளவு நல்ல சான்று உண்டு. சீனி வருத்தத்தை மாற்றுகிறது, மருந்தை விட்டுவிடலாம் என்பதற்கு நம்பக்கூடிய சான்று இல்லை.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், வரைபடம் பழையது, வழி சில இடங்களில் சரி. ஆறுகளின் பெயரில் உடம்பைக் கற்றவர்கள் நோவு கொண்ட மனிதரை உற்றுக் கேட்கவும் தொடவும் கற்றிருந்தார்கள். அந்தப் படத்தில் இன்சுலின் இல்லை, கிரியாட்டினின் இல்லை. இல்லாததை அதில் தேடுவது அந்தப் பழைய வைத்தியருக்கும் மரியாதையல்ல.

போகிறவர்கள் சிலதைக் கவனிக்கவேண்டும். ஊசி ஒருதடவை மட்டும் பாவிப்பதாக, கண்முன்னே உறை பிரிப்பதாக இருக்கவேண்டும். பழைய ஊசியால் ஈரலழற்சி பரவியதுண்டு. நெஞ்சிலும் தோள்மூட்டுக்கு மேலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் துளை விழலாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் முதலிலேயே சொல்லிவிடவேண்டும். 'ஈரல்', 'சிறுநீரகம்' என்று யாராவது சொன்னால், "எந்தப் படத்தில் உள்ளது?" என்று கேட்கத் தயங்கவேண்டாம்.

உம்மா இப்போதும் போகிறா. வேறு ஒருவரிடம், மாதத்துக்கு இரண்டு தடவை. முதல் நாளே ராத்தா குளிசைப் பையைக் கொண்டுபோய் அவருடைய மேசையில் கொட்டிக் காட்டினா. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் அப்படியே இருக்கட்டும், எனக்கு முழங்காலை மட்டும் தாங்க" என்றாராம். ஊசி எடுத்து முடிந்ததும் உம்மா எண்ணிப் பார்க்கிறா, குத்தினது எட்டு, எடுத்தது எட்டா என்று. காலையில் சீனி பார்க்கும் மெஷினுக்கு விரலை நீட்டும்போது மட்டும் இன்னும் முகத்தைச் சுளிக்கிறா. "இந்த ஊசிதான் மகன் நோகுது" என்கிறா.